நில எடுப்பு நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? இராமநாதபுரம் கரையோரப் பட்டாதாரர், குத்தகைக்காரர், உப்பளத் தொழிலாளிக்கான முழு வழிகாட்டி

நில எடுப்பு நோட்டீஸ் பட்டாவில் இருக்கிற பெயருக்குத்தான் வரும். அந்தப் பெயருக்கு உரியவர் காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கலாம். பிள்ளைகளில் ஒருவர் துபாயில், ஒருவர் சென்னையில். நிலத்தை உழுது மிளகாய் போடுகிறவர் பக்கத்து ஊர்க் குத்தகைக்காரர், வரப்புப் பனையில் ஏறுகிறவர் வேறொருவர். கிராம உதவியாளர் நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். ஆனால் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வந்த அன்றே நாள்கணக்கு ஓடத் தொடங்கியிருக்கும்.

கரையோரத்தில் இந்தப் பேச்சு இப்போது அதிகம். பரமக்குடி–இராமநாதபுரம் நான்குவழிச் சாலைக்கு (46.7 கிலோமீட்டர், 1,853 கோடி ரூபாய்) மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் தந்தது. இராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று 2025-ல் தமிழக நிதிநிலை அறிக்கை சொன்னது. தனுஷ்கோடி ரயில்பாதைப் பேச்சு விட்டுவிட்டு வருகிறது. எரிவாயுக் குழாய் ஏற்கெனவே மாவட்டத்தைக் கடந்துதான் தூத்துக்குடி போகிறது. இவை எல்லாம் ஒரே சட்டத்தில் வருவதில்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள்

நோட்டீஸின் முதல் பத்தியில் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் இருக்கும். அதைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். உங்களுக்கு எத்தனை நாள் இருக்கிறது, யாரிடம் போக வேண்டும், முடிவு பிடிக்காவிட்டால் அடுத்த கதவு எது என்பதெல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தது.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் (2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது) என்றால், 11-ஆம் பிரிவு முதற்கட்ட அறிவிப்பு வெளியானதிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபணை தரலாம். அதற்கு முன்பே சமூகத் தாக்க மதிப்பீடு நடந்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்தபின் அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அறிவிப்பிலிருந்து 12 மாதத்துக்குள் 19-ஆம் பிரிவு விளம்புகை (நிலத்தை எடுப்பது உறுதி என்ற இறுதி அறிவிப்பு) வர வேண்டும், விளம்புகையிலிருந்து 12 மாதத்துக்குள் அவார்டு (இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்கும் ஆணை) போட வேண்டும். தவறினால் நடவடிக்கையே காலாவதி. காலத்தை நீட்டிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதால், கெடு தாண்டிவிட்டது என்று துள்ளுவதற்கு முன் நீட்டிப்பு ஆணை இருக்கிறதா என்று தகவல் உரிமை மனு போட்டுக் கேளுங்கள்.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956 என்றால் ஆட்சேபணைக்கு அவகாசம் வெறும் 21 நாள், 3ஏ பிரிவு முதல் அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து. பலர் கோட்டை விடுவது இங்கேதான். அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில் வரும், அதில் ஒன்று தமிழ். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. அடுத்து 3டி பிரிவு இறுதி அறிவிப்பு வந்த நிமிடம் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். கையில் காசு வந்திருக்காது, பட்டாவும் பழைய பெயரிலேயே நிற்கும், ஆனால் சட்டப்படி நிலம் உங்களுடையது இல்லை. 3ஏ-விலிருந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் முந்தைய அறிவிப்பு செல்லாது.

ரயில்வே சட்டத்தில் 30 நாள். குழாய் பதிக்கும் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 நாள். குழாய் விஷயத்தில் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுப்பார்கள். அதற்கு அறிவிப்புத் தேதிச் சந்தை மதிப்பில் 10 சதவீதம், பயிர்ச் சேதம் தனி. ஆனால் அந்தப் பட்டையில் இனிமேல் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. வீட்டுமனையாக்க நினைத்து வைத்திருந்த நிலம் என்றால் இழப்பு 10 சதவீதத்தோடு நிற்காது. அதை ஆட்சேபணையிலேயே கணக்கோடு எழுதுங்கள்.

மாநிலச் சட்டங்கள் இரண்டு இங்கே அடிக்கடி வரும்: தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் 1997, நெடுஞ்சாலைகள் சட்டம் 2001. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இவை செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. ஆகவே இந்த வழியில் எடுத்தால் சமூகத் தாக்க மதிப்பீடு கேட்க முடியாது. ஆனால் இழப்பீட்டுத் தொகையும் மறுவாழ்வும் 2013 சட்ட அட்டவணைப்படிதான் தர வேண்டும். அவகாசம் நோட்டீஸிலேயே தேதியாகப் போட்டிருக்கும்.

இன்னொரு வழி தனிப் பேச்சுவார்த்தை. "நீங்களாகக் கொடுத்தால் சீக்கிரம் பணம்" என்பார்கள். விலை ஒத்துவந்தால் தப்பில்லை. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபின் கூடுதல் கேட்டுப் போக வழி இருக்காது என்பதைத் தெரிந்து போடுங்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் இவற்றை வருவாய்த் துறை இணையதளத்திலிருந்து எடுங்கள். குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று பதிவுத் துறைத் தளத்தில். தாய்ப் பத்திரம் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர்–ஏர் கணக்கில் இருக்கும். "0 – 12.15" என்றால் 12.15 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட், ஆக 30 சென்ட். நோட்டீஸில் அதே உட்பிரிவுக்கு 0 – 10.95 என்று இருந்தால் 3 சென்ட் காணாமல் போயிருக்கிறது. ஒரு வேளை அந்த 3 சென்டை விட்டுவிட்டு மீதியை எடுக்கிறார்கள், ஒரு வேளை தட்டச்சுப் பிழை. இரண்டில் எது என்று எழுதிக் கேளுங்கள்.

அடங்கலைத்தான் (எந்த வருடம் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதும் கணக்கு) ஆள் கவனிப்பதில்லை. நாலு வருடம் மழை பொய்த்து, சீமைக்கருவேலம் ஏறி, வி.ஏ.ஓ. "தரிசு" என்று எழுதியிருப்பார். மதிப்பீட்டின்போது அந்த ஒரு சொல் விலையை இழுத்துக் கீழே போடும். கடைசி மூன்று பசலிக்கு (வருவாய் ஆண்டுக்கு) அடங்கல் எடுங்கள். நெல், மிளகாய் போட்டது விடுபட்டிருந்தால் பயிர்க் காப்பீட்டு ரசீது, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் கணக்கு, வறட்சி நிவாரணம் வந்த வங்கிப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்துத் தாசில்தாருக்குத் திருத்த மனு கொடுங்கள். இந்த மாவட்டத்தில் காப்பீடு கட்டாத விவசாயி குறைவு, அந்த ரசீதுதான் இங்கே பெரிய சாட்சி.

பெயர்க் கோளாறு அடுத்தது. நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் 1980-களில் நடந்த பெயர் மாற்றப் பிழைகள் இன்னும் பட்டாவில் நிற்கின்றன. தாத்தா பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. கூட்டுப் பட்டா என்றால் யார் பங்கு எவ்வளவு என்று எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு ஒப்பந்தம். அக்கா தங்கைகளை விட்டுவிட்டு எழுதாதீர்கள். இந்துக் குடும்பமானாலும் முஸ்லிம் குடும்பமானாலும் மகளுக்கு ஒரு பங்கு சட்டத்தில் உண்டு, அளவுதான் வேறுபடும். விடுபட்ட ஒருவர் ஒரு பக்க மனு கொடுத்தால் போதும், பங்குத் தகராறு என்று எழுதி மொத்தத் தொகையையும் கொண்டுபோய் நீதிமன்றத்தில் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அது வெளியே வர வருடக் கணக்காகும்.

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் பாதிக் கையெழுத்து வெளிநாட்டில் இருக்கும். தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் செலுத்தி முறைப்படுத்த வேண்டும். செய்யாமல் கொண்டுபோனால் தனித் தாசில்தார் அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். அதிகாரப் பத்திரம் அண்ணன் தம்பிக்குக் கொடுங்கள், தரகருக்கு வேண்டாம். "பத்து சதவீதம் கொடுத்தால் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று வருகிறவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அலைந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ஆட்சேபணை எழுதுவது

"எங்கள் வாழ்வாதாரம் போகிறது, கைவிடுங்கள்" என்று மட்டும் எழுதினால் "பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்விகளாக எழுதுங்கள். கீழே ஒரு மாதிரி, எண்கள் உதாரணத்துக்கு.

"தங்கள் நோட்டீஸ் நாள் … படி, கடலாடி வட்டம் … கிராமம் சர்வே எண் 142/3பி-யில் 0.12.15 ஹெக்டேர் எடுக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. (1) இப்புலத்துக்குத் தெற்கே 142/1 அரசு புறம்போக்காக உள்ளது. அதன் வழியே பாதை அமைக்க ஏன் இயலாது என விளக்கம் கோருகிறேன். (2) எடுத்தது போக மீதி 4 சென்ட் பாதையின்றித் துண்டாகிறது. அதையும் சேர்த்து எடுக்கவோ, துண்டாடல் இழப்பீடு தரவோ வேண்டும். (3) புலத்தில் 14 பனை, 1 கிணறு, 1 மோட்டார் அறை உள்ளன, நோட்டீஸில் காட்டப்படவில்லை. (4) கண்மாய் வரத்துக்கால் இப்புலத்தை ஒட்டிச் செல்கிறது. நீரோட்டத்துக்கான பாலம் வரைபடத்தில் இல்லை. நேரில் விசாரிக்க வேண்டுகிறேன்."

கடைசி வரி முக்கியம். நேரில் கேட்கச் சொல்லி எழுதியும் கூப்பிடாமல் ஆணை போட்டால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அதுவே முதல் வாதம். 2024 மே 16 அன்று பிமல் குமார் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், சொத்துரிமை பற்றிய அரசமைப்பின் 300-ஏ பிரிவுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாகச் சொன்னது: அறிவிப்பு பெறுவது, ஆட்சேபணை கேட்கப்படுவது, காரணத்தோடு முடிவு பெறுவது, பொது நோக்கத்துக்கு மட்டுமே எடுப்பது, நியாயமான இழப்பீடு, தாமதமில்லா நடைமுறை, நடவடிக்கை முறையாக முடிவுக்கு வருவது. அதாவது காசு கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் போதாது. நடைமுறையும் நடந்திருக்க வேண்டும்.

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை தர இழுத்தடித்தால் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்), விநியோக ஒப்புகையோடு. வாட்ஸ்அப்பில் வி.ஏ.ஓ.-வுக்கு அனுப்பியது ஆட்சேபணை ஆகாது.

கல் நடும் நாள்

கூட்டு அளவைக்கு வருகிற அன்று வெளியூர் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சர்வேயர் எல்லைக் கல்லிலிருந்து தொடங்குகிறாரா, இல்லை கருவியை வைத்துப் புதுப் புள்ளி எடுக்கிறாரா என்று பாருங்கள். கடற்கரை மணலில் பழைய கல் பல இடத்தில் புதைந்தோ பிடுங்கப்பட்டோ இருக்கும். புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்க நீளத்தையும் ஒப்பிடுங்கள்.

மரக் கணக்கில் "பனை – 14" என்று எழுதினால் போதாது. ஆண் எத்தனை, பெண் எத்தனை, பதனீர் இறக்குவது எத்தனை, வடலி (இளம் பனை) எத்தனை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பலன் தரும் மரத்துக்கும் வடலிக்கும் மதிப்பு ஒன்றில்லை. தென்னை, புளி, வேம்பு, கிணற்றின் ஆழமும் சுற்றுக்கட்டும், ஆழ்துளைக் கிணறு, கம்பி வேலி, ஓட்டுக் கொட்டகை, உப்பளமென்றால் பாத்தி, வாய்க்கால், பம்பு செட்டு, உப்புக் கொட்டும் மேடை என எல்லாம் பட்டியலில் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பட்டியலைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். விட்டுப்போனது இருந்தால் கையெழுத்துக்கு மேலே "கிணறு சேர்க்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

தொகை எப்படி வருகிறது

2013 சட்டம் மூன்று மதிப்புகளைப் பார்க்கச் சொல்கிறது: பதிவுத் துறை வழிகாட்டி மதிப்பு, பக்கத்தில் இதே வகை நிலம் முந்தைய மூன்று ஆண்டில் விற்ற பத்திரங்களில் விலை அதிகமான பாதியின் சராசரி, தனியாருக்கோ கூட்டு முயற்சிக்கோ எடுத்தால் ஒப்புக்கொண்ட தொகை. இவற்றில் எது அதிகமோ அது. அதைக் கிராமப்புறத்தில் 1 முதல் 2 வரை ஒரு பெருக்கல் காரணியால் பெருக்குவார்கள். மரம், கிணறு, கட்டடம் கூட்டி, மொத்தத்துக்கு 100 சதவீதம் ஆறுதல் தொகை. இதற்கு மேல் அடிப்படைச் சந்தை மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், 2013 சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பிலிருந்து அவார்டு அல்லது சுவாதீனம் (நிலத்தைக் கையில் எடுப்பது), எது முன்போ அதுவரை.

30 சென்ட், சென்டுக்கு 10,000 ரூபாய், காரணி உதாரணத்துக்கு 1.25, மரமும் கிணறும் 60,000, காலம் 18 மாதம் என்று வைப்போம். சந்தை மதிப்பு 3,00,000. காரணியோடு 3,75,000. மரம் கிணறு சேர 4,35,000. ஆறுதல் தொகை அதே அளவு, ஆக 8,70,000. 12 சதவீதம் ஒன்றரை வருடத்துக்கு 54,000. மொத்தம் 9,24,000.

இதே நிலத்துக்குச் சென்ட் 15,000 என்று நிரூபித்தால் மொத்தம் 13,26,000. அடிப்படையில் 1,50,000 கூடினதற்கு முடிவில் 4,02,000 கூடுகிறது. ஒவ்வொரு ரூபாயும் 2.68 ரூபாயாகப் பெருகுகிறது. சண்டை போட வேண்டிய இடம் அடிப்படை விலை என்பது இதனால்தான். பலர் ஆறுதல் தொகை வந்ததா இல்லையா என்று பார்த்துவிட்டு அடிப்படை விலையைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் சென்ட் இரண்டு லட்சத்துக்குக் கைமாறிய நிலம்கூட பத்திரத்தில் வழிகாட்டி மதிப்புக்கே பதிவாகியிருக்கும். முத்திரைக் கட்டணம் மிச்சம் பிடித்தது இப்போது பக்கத்துக்காரர் தலையில் விடிகிறது. கறுப்பில் கைமாறிய தொகையை எந்த ஆணையமும் ஏற்காது. ஆகவே உங்கள் கிராமத்திலும் ஒட்டிய கிராமங்களிலும் உள்ள சர்வே எண்களுக்கு மூன்று வருட வில்லங்கம் போட்டு, விலை அதிகமான பத்திரங்களைத் தேடுங்கள். வங்கிக் கடனில் வாங்கியவர்களும் நிறுவனங்களும் பெரும்பாலும் முழு விலைக்குப் பதிந்திருப்பார்கள். அந்தப் பத்திரங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்கி, வரைபடத்தில் உங்கள் நிலத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்து விசாரணையில் கொடுங்கள். மூன்று சென்ட் வீட்டுமனைப் பத்திரத்தைக் காட்டி மூன்று ஏக்கருக்கு விலை கேட்டால் மேம்பாட்டுச் செலவு என்று கழிப்பார்கள். முடிந்தவரை உங்கள் நிலத்தின் அளவுக்கு நெருங்கிய விற்பனையைப் பிடியுங்கள். வெகு அதிகமாகவோ குறைவாகவோ இருக்கும் பத்திரங்களை ஒதுக்க ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. எதை ஒதுக்கினார், ஏன் என்று அவார்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

2013 சட்டப்படியான இழப்பீட்டுக்கு 96-ஆம் பிரிவில் வருமான வரி விலக்கு உண்டு. பிடித்தம் செய்தால் அந்தப் பிரிவைச் சொல்லி எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

நெடுஞ்சாலைக்குக் கொடுத்த பழைய நிலங்களுக்கும் ஒரு செய்தி. 1997-க்குப் பிறகு 2015 வரை எடுத்தவற்றுக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் மறுக்கப்பட்டு வந்தன. தர்சேம் சிங் வழக்கில் 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. இனி வருவதற்கு மட்டும் இது பொருந்தட்டும் என்ற நெடுஞ்சாலை ஆணையத்தின் கோரிக்கையை 2025 பிப்ரவரி 4 அன்று தள்ளுபடி செய்தது. அந்தக் காலத்தில் நிலம் போனவர்கள் பழைய அவார்டைத் தேடி எடுத்து வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது.

பட்டா இல்லாதவர்கள், கூலிக்கு உழைக்கிறவர்கள்

இவர்களுக்கு நோட்டீஸ் வராது. ஆனால் 2013 சட்டம் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்று சொல்வதில் நில உரிமையாளர் ஒரு பகுதிதான். எடுப்புக்கு முன் மூன்று ஆண்டாக அந்தப் பகுதியில் உழைத்து, அதையே முக்கிய வருமானமாகக் கொண்ட விவசாயக் கூலி, குத்தகைக்காரர், வாரக்காரர், கைவினைஞர், நீர்நிலையை நம்பிய மீனவர், படகோட்டி எல்லோரும் அதில் வருகிறார்கள். பனையேறியும் உப்பளக் கூலியும் அதே வரையறையைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் அட்டவணையில் எண்களே எழுதியிருக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தடவை 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய் (விலைவாசிக் குறியீட்டோடு ஏறும்): இந்த மூன்றில் ஒன்று. இடம்பெயர்ந்தால் ஓராண்டுக்கு மாதம் 3,000, சாமான் ஏற்றிச் செல்ல 50,000, மறுகுடியமர்வுக்கு 50,000. மாட்டுத் தொழுவம், பெட்டிக்கடைக்குக் குறைந்தது 25,000. மூன்று ஆண்டாக அங்கேயே குடியிருந்து கட்டாயமாக வெளியேற்றப்படும் குடும்பத்துக்கு மனை சொந்தமில்லாவிட்டாலும் வீடு. 2015 ஆகஸ்ட் 28 ஆணைப்படி நெடுஞ்சாலை, ரயில்வே எடுப்புகளுக்கும் இந்த அட்டவணை பொருந்தும். சாலைத் திட்டங்களில் கேட்காமல் இதைத் தானாகத் தருவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்று ஆண்டை எப்படிக் காட்டுவது? மீனவர் நல வாரிய அட்டை, பனைமரத் தொழிலாளர் நல வாரிய அட்டை, படகுப் பதிவு, ரேஷன் அட்டை முகவரி, வாக்காளர் பட்டியல், மின் கட்டண ரசீது, நூறுநாள் வேலை அட்டை. வாய்மொழிக் குத்தகைக்காரர் கூட்டுறவுச் சங்கக் கடனையும் காப்பீட்டையும் காட்டலாம். 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பதிவு இருந்தால் கேள்வியே இல்லை. நில உரிமையாளர் "குத்தகை என்று எழுதினால் நிலத்தையே கேட்பாய்" என்று பயப்படுவார். மறுவாழ்வுத் தொகை நில இழப்பீட்டிலிருந்து பிரிவதில்லை, அது தனி என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அதிலேயே இறங்கிவருவார்கள்.

கணக்கெடுப்பு வரும் நாளில் பெயர் ஏறாவிட்டால் பின்னால் ஏற்றுவது பெரும்பாடு. கூலிக்காரர்கள் தனித்தனியாக மனு கொடுப்பதைவிட ஊர்க் கூட்டத்தில் பட்டியல் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சான்று எண் எழுதிக் கொடுப்பது வலுவாக நிற்கும்.

முதலாளிக்குச் சொந்தமான உப்பளமோ இறால் பண்ணையோ ஐஸ் கம்பெனியோ எடுக்கப்பட்டு மூடினால், தொழிலாளிக்கு முதலாளியிடமும் பாக்கி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஊதியத் தொகுப்புப்படி மூடிய நாளிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் முழுதும் தர வேண்டும். மூடல் இழப்பீடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். பழைய சட்டத்தில் இருந்தது புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. நாள் கூலி 500 ரூபாய், 8 வருடம் என்றால் 60,000. "அரசாங்கம் எடுத்தது, என் கையில் இல்லை" என்று முதலாளி சொல்வார். தவிர்க்க முடியாத மூடல் என்று அது ஏற்கப்பட்டால் உச்சவரம்பு மூன்று மாதச் சராசரிச் சம்பளம். அப்போதும் பூஜ்யம் ஆகாது.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) இதற்கு மேல் தனி. ஐந்தாண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். பருவகால நிறுவனத்தில் ஒரு பருவத்துக்கு 7 நாள். உப்பளத்தில் "இது சீசன் வேலை" என்று 7 நாள் கணக்குக்குள் தள்ளப் பார்ப்பார்கள். மழைக்காலத்திலும் வரப்புக் கட்டவும், பாத்தி சீர் பண்ணவும், காவலுக்கும் கூப்பிட்டிருந்தால் அந்த மாதங்களின் கூலிச் சீட்டு, வங்கி வரவு, மேஸ்திரியின் நோட்டுப் புத்தகப் பக்கத்தின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். எட்டு வருடத்துக்கு 28,000-மா, 60,000-மா என்பதை அந்த நோட்டுப் பக்கம்தான் தீர்மானிக்கும். முதலில் தொழிலாளர் உதவி ஆணையரிடம் எழுத்தில் மனு. சமரச அலுவலர் இரண்டு ஆண்டு தாண்டிய தகராறை எடுக்க மாட்டார். பழைய மூன்றாண்டுக் கணக்கை நம்பி இருக்காதீர்கள்.

அவார்டு கைக்கு வந்தபின்

தொகை குறைவு என்று நினைத்தாலும் பணத்தை வாங்குவதில் தவறில்லை. ஆனால் ரசீதில் கையெழுத்துக்கு மேலே "தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதுங்கள். எழுதாமல் வாங்கினால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். அச்சடித்த படிவத்தில் இடமில்லை என்பார்கள். ஓரத்தில் எழுதுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2013 சட்டத்தில் அவார்டு போடும்போது நீங்கள் அங்கே இருந்தால் 6 வாரத்துக்குள் 64-ஆம் பிரிவு மனு. இல்லாவிட்டால் அவார்டு அறிவிப்பு கிடைத்த 6 வாரம் அல்லது அவார்டு தேதியிலிருந்து 6 மாதம், எது முதலில் முடிகிறதோ அது. தக்க காரணம் இருந்தால் மேலும் ஓராண்டு வரை ஆட்சியர் ஏற்கலாம். அவர் 30 நாளுக்குள் அதை நில எடுப்புத் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போட்டுக் கூடுதல் வாங்கிவிட்டால், மனுவே போடாதவரும் அந்த ஆணையத் தீர்ப்பிலிருந்து மூன்று மாதத்துக்குள் 73-ஆம் பிரிவில் அதே விகிதம் கேட்கலாம். ஊரில் யார் வழக்கு எப்போது முடிகிறது என்று காதில் போட்டு வையுங்கள்.

நெடுஞ்சாலை என்றால் பாதை வேறு. நடுவர் முன் மனு. நடுவர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே. அவர் முடிவு கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் மன்னிக்கக்கூடியது 30 நாள் மட்டும், ஒரு நாள் கூடுதலில்லை. அந்த நீதிமன்றம் தொகையைத் தானே கூட்டித்தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் ஹக்கீம் வழக்கில் சொன்னது தமிழ்நாட்டு நிலக்காரர்களைத்தான் அடித்தது. 2025 ஏப்ரல் 30 அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு, கணக்குப் பிழை போன்ற சில வரம்புகளுக்குள் மாற்றலாம் என்று கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது. ஆகவே சாட்சியம் எல்லாவற்றையும் நடுவர் முன்பே வைத்துவிடுங்கள். மேலே போய் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கே இடமில்லை.

முழுப் பணம் தராமல் நிலத்தில் இறங்க 2013 சட்டம் அனுமதிப்பதில்லை. இறங்கிவிட்டால் சுவாதீனத் தேதியிலிருந்து முதல் ஆண்டுக்கு 9 சதவீதமும், பிறகு 15 சதவீதமும் வட்டி. பொக்லைன் வந்த தேதிக்கு ஒரு படம், ஒரு புகார் மனு இருந்தால் இந்த வட்டிக்கு ஆதாரம் அதுவே. தாமதம் அளவு மீறினால் விலைத் தேதியே மாறலாம்: பெங்களூரு–மைசூரு சாலைக்கு 2003-ல் போன நிலங்களுக்கு 2019 ஏப்ரல் 22 அன்றைய சந்தை மதிப்பைக் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 2 அன்று உத்தரவிட்டது.

எடுத்த நிலம் சும்மா கிடந்தால்

உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு நிலம் எடுத்து வேலையும் தொடங்கியபின், 2021-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தியது. இப்படிப்பட்ட இடங்களில் "ஐந்து வருடம் ஆனால் நிலம் திரும்ப வரும்" என்று டீக்கடையில் பேசுவார்கள். 101-ஆம் பிரிவு சொல்வது உரிமையாளருக்கு அல்லது அரசின் நில வங்கிக்கு என்று. அந்த "அல்லது" அரசின் கையில் இருக்கிறது. மாநிலச் சட்டத்தில் எடுத்திருந்தால் இந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்துமா என்பதே முதலில் வாதாட வேண்டியது. திரும்பக் கேட்டு மனு போடலாம், ஆனால் அதை நம்பி இழப்பீட்டு வழக்கைக் கைவிட வேண்டாம்.

வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, தொலைபேசி 15100. போகும்போது நோட்டீஸ், அது வந்த உறை (தபால் முத்திரைத் தேதிக்காக), பட்டா, அடங்கல், முத்திரை வாங்கிய ஆட்சேபணை நகல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் கட்டி எடுத்துப் போங்கள்.